சிக்னலில் அணையும் எஞ்சின்: தண்டையார்பேட்டை வண்டி ஒன்றில் விவிடி சோலனாய்டு வால்வு மாற்றிய விவரம்

வண்டி 2014 மாடல், 1.2 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். ஓடியது 78,000 கிலோமீட்டர். இன்டேக் கேம்ஷாஃப்டில், அதாவது காற்று உள்ளே வரும் வால்வுகளைத் திறக்கிற தண்டில், மட்டும் விவிடி உண்டு. அந்த வால்வுகள் திறக்கும் நேரத்தை முன்பின்னாக மாற்றுகிற அமைப்பு அது. காலையில் எடுத்தால் ஒழுங்காக ஓடும். எஞ்சின் சூடேறி, வட சென்னையின் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஊர்ந்துபோய் சிக்னலில் நின்றால் ஐடில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம், நிமிடத்துக்கு 750 சுற்றிலிருந்து 500-க்கு இறங்கி உதறும். ஏசி ஓடிக்கொண்டிருந்தால் அணைந்தே போகும். திரும்ப ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எந்தக் குறையும் தெரியாது.

இதற்கு முன்னால் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிளக் நாலும் மாற்றி, த்ராட்டில் பாடியைக் கழுவி, ஏர் ஃபில்டர் போட்டு, கடைசியில் ஒரு இக்னிஷன் காயிலையும் மாற்றியிருந்தார்கள். பலன் இல்லை. ஐடில் உதறல் என்றதும் கை போகிற வழக்கமான இடங்கள்தான் இவை. ஆனால் பிளக்கோ காயிலோ கெட்டிருந்தால், அணைத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்த உடனே குறை மறைந்துவிடாது. எண்ணெய் அழுத்தம் விழுந்து மறுபடி ஏறும்போது தன் பழைய நிலைக்குத் திரும்புகிற ஒரு பாகம்தான் இப்படி நடந்துகொள்ளும். அந்த ஒரு குறிப்பே விவிடி பக்கம் கையைக் காட்டிவிட்டது.

பிழைக் குறியீடு சொன்னதும் சொல்லாததும்

இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து பிஎஸ்-4 (புகை விதி) கார்களுக்கு ஓபிடி-2, அதாவது வண்டி தன் குறைகளைத் தானே குறியீடாகப் பதிவுசெய்யும் வசதி, கட்டாயம். அதனால் இந்த வண்டியில் சாதாரண ப்ளூடூத் ஸ்கேனரும் ஒரு மொபைல் ஆப்பும் போதும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் செருகினால் பி0011 வந்தது. கேம்ஷாஃப்ட் இருக்க வேண்டிய கோணத்தைவிட முன்னால் போய் நிற்கிறது என்பது அதன் பொருள். வால்வு கெட்டுவிட்டது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. பி0011 என்று பார்த்ததும் "விவிடி வால்வு போச்சு சார், மாத்திடலாம்" என்று சொல்வது பாதி நேரம் சரியாக இருக்கும். மீதி நேரம் புது வால்வும் அதே குறியீட்டைக் காட்டும்.

வேலை நடக்கிற விதம் இது. கேம்ஷாஃப்டின் முனையில் இருக்கிற பற்சக்கரத்துக்குள் இரண்டு பக்க அறைகள் உண்டு. ஒரு பக்கம் எண்ணெய் ஏறினால் கேம் முன்னால் திரும்பும். மறுபக்கம் ஏறினால் பின்னால் வரும். எந்தப் பக்கம் எவ்வளவு எண்ணெய் என்று திருப்பிவிடுவதுதான் சோலனாய்டு வால்வு. கடையில் இதை ஓசிவி (ஆயில் கன்ட்ரோல் வால்வு) என்றும் விவிடி வால்வு என்றும் கேட்பார்கள். அதன் மூக்குக்குள் ஸ்பூல் என்ற உருளை ஒன்று இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னும் பின்னும் நகரும். உருளைக்கும் அதன் உறைக்கும் நடுவே இருக்கிற இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. காயிலுக்கு 12 வோல்ட் ஒரு கம்பியில் நேரடியாக வரும். மறு கம்பியை எஞ்சின் கம்ப்யூட்டர் வேகமாகத் துண்டித்தும் சேர்த்தும் ஸ்பூல் எங்கே நிற்க வேண்டும் என்று கட்டுப்படுத்துகிறது.

ஐடிலில் இன்டேக் கேம் பின்னால் வந்துவிட வேண்டும். வராமல் முன்னாலேயே நின்றால் இன்டேக் வால்வும், எரிந்த வாயு வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் கூடுகிறது. எரிந்த வாயு திரும்ப உள்ளே வந்து புதுக் கலவையைக் கெடுக்கிறது. வேகமாகப் போகும்போது இது தெரியாது. சிக்னலில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் எஞ்சின் மூச்சுத் திணறுகிறது. அணைத்தால் எண்ணெய் அழுத்தம் விழுகிறது, கேம் தன் எதிர்ப்பாலேயே பின்னால் வந்து பூட்டு ஊசியில் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் அடுத்த ஸ்டார்ட் சுத்தமாக இருக்கிறது. குளிர்ந்த எஞ்சினில் கம்ப்யூட்டர் விவிடியை இயக்கவே இயக்காது. காலையில் குறை தெரியாததற்குக் காரணம் அது. இதுவே ஸ்பூல் எதிர்ப்பக்கம் சிக்கியிருந்தால் ஐடில் நன்றாக இருக்கும், இழுவையும் மைலேஜும் போகும், குறியீடு பி0012 ஆக இருக்கும்.

கேம் கோணத்தை எல்லா மலிவு ஸ்கேனரும் காட்டாது. காட்டாவிட்டால் மேனிஃபோல்டு அழுத்தத்தை, அதாவது எஞ்சினுக்குக் காற்று போகிற குழாயின் அழுத்தத்தை, பார்க்கலாம். கடல் மட்டத்தில், அதாவது சென்னையில், ஏசி அணைந்த சூடான ஐடிலில் இந்த வகை எஞ்சினுக்கு 30 முதல் 40 கிலோ பாஸ்கல் இயல்பு. இந்த வண்டியில் ஸ்டார்ட் செய்து நின்ற இடத்திலேயே சூடேற விட்டபோது 35 காட்டியது. ஒரு சுற்று ஓட்டிவந்து நிறுத்தியதும் 49. அதே எஞ்சின், அதே சூடு. நடுவில் விவிடி ஒருமுறை வேலை செய்து திரும்பி வராததுதான் வித்தியாசம்.

கழற்றும் முன்னும் கழற்றிய பின்னும் பார்த்தது

முதலில் கம்பி. வால்வின் கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆனில் வைத்து, 12 வோல்ட் வரும் முனையில் 5 வாட் டெஸ்ட் லாம்ப் போட்டுப் பார்க்க வேண்டும். மல்டிமீட்டர் மட்டும் இங்கே ஏமாற்றும். பச்சை பூத்து ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருக்கிற கம்பியிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். விளக்கு மங்கலாகத்தான் எரியும். கம்ப்யூட்டருக்குப் போகிற முனையில் விளக்கை வைத்து விளையாட வேண்டாம்.

காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் பக்கம் கடலைப் பார்த்து நிறுத்துகிற வண்டிகளில் இந்தக் கனெக்டர் சோதனையை விட்டுவிடவே கூடாது. உப்புக் காற்று முனைகளைத் தின்னும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பானட் வரை தண்ணீரில் நின்ற வண்டிகள் என்றால் இன்னும் சந்தேகம் வேண்டும். ரப்பர் சீல் இருக்கிறதா, முனை பச்சையாக இருக்கிறதா என்று பார்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்ததும் திரும்ப மாட்டி ஓட்டிப் பார்த்தாலே சில வண்டிகளில் கதை முடிந்துவிடும். இந்த வண்டியில் கனெக்டர் சுத்தமாக இருந்தது, விளக்கும் பிரகாசமாக எரிந்தது. கனெக்டருக்குள் எஞ்சின் ஆயில் தெரிந்தால் அது வேறு செய்தி: காயிலின் உள் சீல் போய்விட்டது. கழுவிப் பயனில்லை, வால்வை மாற்றியே ஆக வேண்டும். விட்டுவைத்தால் எண்ணெய் கம்பிக்குள் ஊறி மெதுவாகக் கம்ப்யூட்டர் பக்கம் போகும்.

அடுத்து காயில் மின்தடை. இந்த வகை வால்வுகள் பலவற்றுக்கு 20 டிகிரியில் 6.9 முதல் 7.9 ஓம் என்று கையேடு சொல்லும். நம் ஊரில் 20 டிகிரி எப்போது வரும்? செம்பின் தடை ஒரு டிகிரிக்கு சுமார் 0.4 சதவீதம் ஏறும். அதனால் 7.4 ஓம் உள்ள நல்ல காயில், எஞ்சின் அணைந்த கையோடு 90 டிகிரியில் அளந்தால் 9.4 காட்டும். இதைப் பார்த்து நல்ல வால்வைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. இரவு முழுக்க நின்ற எஞ்சினில், விடியற்காலையில் அளப்பதுதான் சரி. இங்கே 30 டிகிரி வாக்கில் 7.6 ஓம் வந்தது. 20 டிகிரிக்கு மாற்றினால் 7.3. காயில் பழுதில்லை. ஆக, குறை மின்சாரத்தில் இல்லை. ஸ்பூலிலோ எண்ணெயிலோ பற்சக்கரத்திலோதான் இருக்கிறது.

கழற்றியெடுத்த வால்வுக்கு பேட்டரியிலிருந்து, நடுவில் 5 ஆம்பியர் ஃப்யூஸ் போட்ட கம்பியால், ஒரு நொடிக்கு மேல் போகாமல் 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கலாம். முனை எது என்று கையேட்டைப் பார்த்துக் கொடுப்பது நல்லது. ஒன்றரை ஆம்பியருக்கு மேல் ஓடும். பிடித்துக்கொண்டே நின்றால் காயில் சுட்டுவிடும். "டக்" என்று சத்தம் வந்தால் வால்வு நல்லது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். சத்தம் போதாது. பக்கவாட்டு ஓட்டை வழியாக டார்ச் அடித்து ஸ்பூல் முழுத் தூரமும் போகிறதா, மின்சாரத்தை எடுத்ததும் ஸ்பிரிங் அதை முழுக்கத் திருப்பித் தள்ளுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இந்த வால்வு "டக்" என்றது, போனது, திரும்பும்போது பாதியில் நின்றது. ஒரு மரக்குச்சியால் தொட்டதும் மீதித் தூரம் நகர்ந்தது.

ஏன் சிக்கியது என்பதற்கான பதில் வடிகட்டி வலையில் இருந்தது. சில எஞ்சின்களில் வலை வால்வின் மூக்கிலேயே இருக்கும். சிலவற்றில் சிலிண்டர் ஹெட்டில் தனி போல்ட்டுக்குப் பின்னால் சின்னத் தொப்பி போல இருக்கும். இங்கே முதல் வகை. வலையில் கரியோடு சேர்த்துச் சாம்பல் நிறத்தில் ரப்பர் மாதிரி துணுக்குகள்: கேஸ்கெட் பேஸ்ட். வலையின் ஒரு ஓரம் கிழிந்திருந்தது, அந்த வழியாகத் துணுக்கு ஒன்று ஸ்பூலின் விளிம்பு வரை போய்விட்டது. எப்போதோ டாப் கவர் ஒழுகியபோது கேஸ்கெட்டை மாற்றாமல் பேஸ்ட்டை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். வெளியே பிதுங்குகிற அளவுக்குப் பூசினால் அதே அளவு உள்ளேயும் பிதுங்கும். காய்ந்து உதிர்ந்து எண்ணெயில் விழும்.

ஆனால் எண்ணெயில் விழுந்த துணுக்கை ஆயில் ஃபில்டர் பிடித்திருக்க வேண்டுமே? அங்கேதான் இந்த வழக்கின் உண்மையான குற்றவாளி. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்கு எண்ணெய் நின்றுவிடக் கூடாது என்பதற்காக ஃபில்டருக்கு ஒரு பைபாஸ் வால்வு உண்டு. அது திறந்தபின் வடிகட்டாத எண்ணெய் நேராக மேலே போகும். இந்த வண்டிக்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறைதான் ஆயிலும் ஃபில்டரும் மாறியிருந்தன. கையேட்டின்படி தவறில்லை. கணக்கின்படி தவறு. தண்டையார்பேட்டையிலிருந்து மணலிக்குக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே 9 கிலோமீட்டர் போக 45 நிமிடம் ஆகிறது, அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 10,000 கிலோமீட்டர் என்பது 830 மணி நேரத்துக்கு மேல் எஞ்சின் ஓடுவது. நெடுஞ்சாலையில் 60-ல் போகிற வண்டி அதே தூரத்தை 170 மணி நேரத்துக்குள் முடித்துவிடும். ஓடோமீட்டர் இரண்டையும் ஒன்றாகத்தான் எண்ணும். எண்ணெய் அப்படி எண்ணாது. ஸ்பூல் முழுக்கப் படிந்திருந்த பழுப்பு வார்னிஷ், அதாவது சூட்டில் வெந்து இறுகிய எண்ணெய்ப் படிவு, அந்த மணிகளின் கணக்கு.

வாங்குவது

வால்வைக் கழுவித் திரும்பப் போடலாமா? வலை முழுசாக இருந்து, வெறும் பிசுக்கால் மட்டும் ஸ்பூல் மெதுவானால் கார்புரேட்டர் கிளீனரில் கழுவிப் போடுவது நியாயமான முயற்சி. வலை கிழிந்திருந்தால் வேண்டாம். கிழிந்த துண்டு எங்கே போயிற்று என்று தேடுவதும் வேலையின் ஒரு பகுதி. இங்கே அது மூக்கிலேயே மடிந்து ஒட்டியிருந்தது.

சென்னையின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜி.பி. ரோட்டில் கேட்கும்போது மாடல் பெயரும் வருடமும் மட்டும் சொல்லாமல், ஆர்சியில் உள்ள சேசிஸ் நம்பரைச் சொல்லிப் பாகத்தின் எண்ணை எடுக்கச் சொல்ல வேண்டும். ஒரே மாடலில் வருடத்துக்கு நடுவே வால்வு மாறியிருக்கும். உடம்பு ஒரே மாதிரி, ஓட்டைகளின் இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளி. மாட்டினால் உட்காரும், ஓடினால் குறியீடு வரும். பழைய வால்வைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது இன்னும் நல்லது. பாதி விலைக்குக் கிடைக்கிற பெயரில்லாப் பெட்டி வால்வை இந்த ஒரு பாகத்தில் தவிர்க்கலாம். புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும். இன்னொரு எஞ்சினின் வார்னிஷும் அதோடு சேர்ந்து வரும்.

வால்வோடு சேர்த்து வாங்க வேண்டியவை: புது ஓ-ரிங், கம்பெனி ஆயில் ஃபில்டர், வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர், கையேடு சொல்கிற கிரேடு ஆயில் 4 லிட்டர் கேன். இந்த வண்டிக்கு 5டபிள்யூ-30. விவிடி எண்ணெயால் இயங்குவது. "சென்னை வெயிலுக்குக் கெட்டியா இருக்கட்டும்" என்று 20டபிள்யூ-50 ஊற்றினால் புது வால்வும் தாமதமாகத்தான் பதில் சொல்லும்.

மாற்றியது

வால்வு சிலிண்டர் ஹெட்டின் மேல் பகுதியில் இருப்பதால் அதைக் கழற்ற எண்ணெயை வடிக்கத் தேவையில்லை. ஆனால் பழைய எண்ணெய் புது வால்வுக்குள் ஒரு சுற்றுகூடப் போகக் கூடாது. எனவே வரிசை இது: முந்தைய மாலை எஞ்சினைச் சூடாக்கி, ஆயிலை வடித்து, இரவு முழுக்கச் சொட்ட விடுவது, காலையில் குளிர்ந்த எஞ்சினில் வால்வு வேலை, அதன்பின் ஃபில்டர், புது ஆயில். அடியில் போக ஜாக்கி மட்டும் நம்பிப் படுக்கக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும். தெருவில் சிமென்ட் கல் பதித்த இடத்தில் ஸ்டாண்டின் காலுக்கு அடியில் பலகை போடாவிட்டால் கல் புதைந்து சாயும். எண்ணெய் இல்லாத வண்டியை வீட்டில் யாராவது நகர்த்தி வைக்க ஸ்டார்ட் செய்துவிடாமல் பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றி, ஸ்டியரிங்கில் ஒரு தாளும் ஒட்டிவைக்க வேண்டும்.

வால்வைச் சுற்றி உள்ள தூசியை முதலில் துடைத்து, பிரஷ் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். மணலி, எண்ணூர் சாலைகளில் ஓடுகிற வண்டியில் அந்த மூலையில் கறுப்பு மணல் அப்பியிருக்கும். வால்வை உருவிய நொடியில் அது ஓட்டைக்குள் விழும். கீழே ஆல்டர்னேட்டரும் பெல்ட்டும் இருந்தால் பழைய துணியால் மூட வேண்டும், கொஞ்சம் எண்ணெய் கட்டாயம் வடியும். பெல்ட்டில் பட்டால் வழுக்கிக் கத்தும்.

கனெக்டரின் பூட்டை அழுத்தி, உடம்பைப் பிடித்து இழுக்க வேண்டும், கம்பியை அல்ல. பத்து வருடச் சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் நாக்கு அப்பளம்தான். 10 எண் சாக்கெட்டில் ஒற்றை எம்6 போல்ட் வரும். வால்வு ஓ-ரிங்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். இடமும் வலமுமாகச் சுழற்றிச் சுழற்றி வெளியே எடுக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினால் அலுமினிய முகத்தில் கீறல் விழும், பிறகு அங்கேயே ஒழுகும். எடுத்ததும் பழைய ஓ-ரிங் வால்வோடு வந்ததா என்று பார்க்க வேண்டும். சூட்டில் இறுகி ஓட்டைக்குள்ளேயே தங்கிவிட்டால் புது ரிங் அதன் மேல் ஏறி உட்கார்ந்து, ஒரு வாரத்தில் ஒழுகும்.

ஓட்டைக்குள் நூல் உதிராத துணியால் மட்டும் துடைக்க வேண்டும். கம்ப்ரஸர் காற்று அடித்தால் அழுக்கு பற்சக்கரத்தின் பக்கம் உள்ளே போகும். புது ஓ-ரிங்குக்கு எஞ்சின் ஆயில் தடவி, கையால் அழுத்தினால் வால்வு முழுக்க உட்கார வேண்டும். போல்ட்டை இறுக்கி இழுத்து உட்கார வைக்கப் பார்த்தால் ரிங் வெட்டுப்படும். பேஸ்ட் ஒரு துளிகூட வேண்டாம். எதனால் இந்த வேலை வந்ததென்று தெரியும். போல்ட் முறுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் கால் இஞ்ச் ராட்செட்டின் தலையைப் பிடித்து மணிக்கட்டால் மட்டும் இறுக்கினால் போதும். அலுமினியத்தில் எம்6 மரை போனால் ஹெலிகாயில் (புது மரைக்கான கம்பிச் சுருள்) போடுகிற வேலை இதைவிடப் பெரியது.

ஃபில்டர், ஆயில் போட்டபின் முதல் ஸ்டார்ட்டுக்கு முன், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஐந்து நொடி கிராங்க் செய்தால் பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் வராது, எஞ்சின் பிடிக்காமல் எண்ணெய் மட்டும் மேலே ஏறும். சில வண்டிகளில் பிடித்துவிடும். பிடித்தால் உடனே காலை எடுக்க வேண்டும். அதன்பின் வழக்கம்போல் ஸ்டார்ட் செய்து, ஆயில் விளக்கு சில நொடியில் அணைகிறதா, வால்வின் அடி ஈரமாகிறதா என்று பார்க்க வேண்டும்.

பலன், அதன்பின்

குறியீட்டை அழித்து, ஏசி, விளக்கு எல்லாம் அணைத்து பத்து நிமிடம் ஐடிலில் விட்டபோது முதலில் வேகம் கொஞ்சம் ஏறி இறங்கியது. பேட்டரி கழற்றியதால் ஐடில் கற்றலை இழந்திருந்தது, பயப்பட ஒன்றுமில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு சுற்று, திரும்பும்போது வேண்டுமென்றே நெரிசல் வழி. சூடான ஐடிலில் மேனிஃபோல்டு அழுத்தம் 34. ஓடும் முன்னும் ஓடிய பின்னும் அதே எண். ஏசி போட்டதும் 750-ல் நின்றது. விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. பல குறியீடுகள் இரண்டாவது ஓட்டத்திலும் குறை தெரிந்தால்தான் விளக்கை எரிய வைக்கும். அதனால் மறுநாளும் ஸ்கேனரில் நிலுவைக் குறியீடு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இந்த வண்டியில் அப்படி எதுவும் இல்லை.

உள்ளே இன்னும் பேஸ்ட் துணுக்கு இருக்கும் என்பதால் ஃப்ளஷ் திரவம் எதுவும் ஊற்றவில்லை. வார்னிஷ் படிந்த எஞ்சினில் ஃப்ளஷ் ஊற்றினால் எல்லாம் ஒரே நேரத்தில் உதிர்ந்து பம்பின் உறிஞ்சு வலையை அடைக்கக்கூடும். அதற்குப் பதில் 1,500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மறுபடி. இரண்டாவது ஃபில்டரை வெட்டிப் பார்த்ததில் மடிப்புகளில் அதே சாம்பல் துணுக்குகள் நாலைந்து இருந்தன. இனி இந்த வண்டிக்கு 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது.

வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்ற வேண்டாம். 2016 விதிகளின்படி அது அபாயக் கழிவு. கேப்டன் காட்டன் கால்வாயும் பக்கிங்காம் கால்வாயும் கடைசியில் சேர்கிற இடம் எது என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மூடிய கேனில் வைத்து, கழிவு ஆயில் சேகரிக்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

புது வால்வும் புது ஆயிலும் போட்ட பிறகும் பி0011 வந்தால், அல்லது ஆரம்பத்திலேயே அதோடு பி0016 சேர்ந்து வந்தால், இன்னொரு வால்வு வாங்கப் போகக் கூடாது. பி0016 என்றால் கிராங்குக்கும் கேமுக்கும் உள்ள பொருத்தமே விலகியிருக்கிறது: டைமிங் செயின் நீண்டிருக்கலாம், டென்ஷனர் தளர்ந்திருக்கலாம். காலை முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு நொடி கடகடவென்று சத்தம் வந்தால் பற்சக்கரத்தின் பூட்டு ஊசியோ டென்ஷனரோதான் முதல் சந்தேகம். எண்ணெய் அழுத்தத்தை மெக்கானிக்கல் கேஜ் போட்டு அளந்துவிட்டு, டைமிங் கவரைத் திறக்க வேண்டிய வேலை அது. வாசலில் நிறுத்திச் செய்கிற வேலை இல்லை.